டிஸ்க் காலி என்று சொன்ன நாள்

ஸ்ரீரங்கத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். அதற்கான சாஃப்ட்வேர் என் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும் என்பதால் அதை நான் மாற்றவே இல்லை.

ஒருநாள் பாலக்கரை போட்டோகிராபர் பாய் நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு நிக்காஹ் கல்யாணத்தின் படங்கள். மணப்பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, கல்யாணத்துக்கு மறுவாரமே இறந்துவிட்டார். கேமரா கார்டுகளை பாய் ஏற்கெனவே அழித்திருந்தார். அத்தாவின் கடைசிப் படங்கள் இந்த டிஸ்க்கில்தான்.

மாட்டினேன். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது கம்ப்யூட்டர்.

“டிஸ்க் காலி பாய். ஃபார்மட் பண்ணித்தான் பார்க்கணும்” என்று, எல்லாம் தெரிந்தவள் போல மவுஸை நகர்த்தினேன்.

பாய் சட்டென்று ஒயரையே பிடுங்கிவிட்டார். “ஃபார்மட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும்க்கா. காலையில எங்கிட்ட ஓடுச்சு. இவ்வளவு பெரிய டிஸ்க்க உங்க பழைய கம்ப்யூட்டரால படிக்க முடியாது.”

தன் லேப்டாப்பில் மாட்டினார். திரையில் அத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

பாய் திட்டவில்லை. படங்களைச் சின்ன பென்டிரைவில் போட்டுத் தந்தார். என் கம்ப்யூட்டர் சமர்த்தாகத் திறந்தது.

இன்றும் அதே கம்ப்யூட்டர்தான். ஆனால் யார் டிஸ்க்கையும் காலி என்று நான் சொல்வதில்லை. “எனக்குத் தெரியலைங்க, வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துடலாம்” என்கிறேன்.