அலமாரிக்குள் பதிவான குரல்

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். குருண் டவுனில் கார் கழுவினேன். லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் கெலிண்டானாகத் தைப்பிங் வரை போனேன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. பாட்டு எழுதிப் பாடுவது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் பாடுவது ஆட்டத்துக்கான பாட்டு. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் டெக்னீஷியனாக இருக்கும் ஒருவன் ஓய்வு நாளில் கணினியில் பீட் போடுவான். என்னைவிட நாலு வயது இளையவன். பீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அதைக் காதில் கேட்டுக்கொண்டே வரிகளைப் பாடி, என் குரலை மட்டும் திருப்பி அனுப்புவேன். "வெட்டாம முழுசா அனுப்புங்கண்ணே, வெட்டறது என் வேலை" என்பான்.

செமிலிங்கில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவளுடைய துணி அலமாரிதான் ஸ்டூடியோ. கதவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் போனை வைத்து, தலையை உள்ளே விட்டுப் பாடினால் எதிரொலி வராது. அந்துருண்டை வாசனை மட்டும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் மத்தியானம் அப்படிப் பாடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அக்கா மாமாவோடு போனில் பேசியிருக்கிறாள். மாமா ஜொகூருக்கு வேலைக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது, வரவில்லை. காதில் இயர்போன் இருந்ததால் எனக்கு எதுவும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் கேட்கவில்லை. ஆனால் வரிக்கு வரி நான் விட்ட இடைவெளியில் அவள் பேச்சு போனில் பதிவாகிவிட்டது. நான் திரும்பக் கேட்காமல் முழுசாக அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பாட்டு வந்தது. நான் எழுதிய பன்னிரண்டு வரியில் இரண்டைத்தான் வைத்திருந்தான். மீதி முழுக்க அக்கா. "வர்றியா, வரலியா? ஒண்ண சொல்லிடு." அவள் குரலைச் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி மெலிதாக்கி, திரும்பத் திரும்பச் சுழல விட்டிருந்தான். அவள் அழுது மூக்கை உறிஞ்சிய சத்தத்தை வெட்டி எடுத்து, தாளத்தில் ஓர் அடியாக வைத்திருந்தான்.

"யாருண்ணே அந்த அக்கா? செம லா. அதுலதான் பாட்டே நிக்குது" என்று எழுதியிருந்தான்.

முதல் தடவை கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். என் கால் அந்தத் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கு, விடு" என்று பதில் போட்டேன். அந்தப் பதில் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

அவன் இணையத்தில் தன் பக்கத்தில் போட்டான், பாட்டு பரவியது. கல்யாண விருந்துகளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "வர்றியா" என்று பாடி மைக்கை நீட்டுவேன். மண்டபமே "வரலியா" என்று கத்தும். வயிறு தள்ளிய ஆண்கள் இடுப்பை ஆட்டுவார்கள். அந்த மூக்குறிஞ்சல் வரும் இடத்தில் அவர்களும் மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

குருணில் சொந்தக்காரர் கல்யாணம். அக்காவும் வந்து மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் வேறு பாட்டுப் பாடியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், பாடினேன். பிரியாணியில் இருந்த அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள், "கைதட்டுக்கா, உன் தம்பி பாட்டு" என்று அவளை இடித்தாள். எச்சில் கையோடு அக்கா கைதட்டினாள்.

மறுநாள் காலை துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அது என் குரல்தானே?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"உன் மாமா வராதது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

நான் ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"எடுத்துடு. பஸ்ஸில போடறாங்க, பசார்ல போடறாங்க. இன்னும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அதையே சாக்கா வச்சு வராமப் போயிடுவாரு."

கூலிம்காரனுக்குப் போன் போட்டேன். "அந்தக் குரல எடுத்துடு தம்பி."

"அத எடுத்தா மிச்சம் என்னண்ணே இருக்கு? உங்க ரெண்டு வரியா?"

"அது எங்க அக்கா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான். அன்றைக்கே தன் பக்கத்திலிருந்து பாட்டை எடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டு அதற்குள் ஊரார் போன்களுக்குப் போயிருந்தது.

அடுத்து சுங்கை பட்டாணியில் ஒரு விருந்து. அந்தப் பாட்டு இல்லை என்று முன்கூட்டியே சொல்லித்தான் போனேன். இரண்டு பாட்டு பொறுத்தார்கள். பிறகு பின்னாலிருந்து யாரோ "வர்றியா" என்று ஆரம்பிக்க, மண்டபம் பிடித்துக்கொண்டது. பழக்கம். என் கை மைக்கை அவர்கள் பக்கம் நீட்டியது.

அதை யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். அக்கா பார்த்துவிட்டாள். திட்டவில்லை, வீட்டை விட்டுப் போகவும் சொல்லவில்லை. சோறு போடுகிறாள். ஆனால் நான் வீட்டில் இருக்கும்போது போன் அடித்தால், செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் சாக்கடை ஓரத்துக்குப் போய்விடுகிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. மழை பெய்தாலும் அங்கேதான் நின்று பேசுகிறாள்.