ஒரே ஓர் எழுத்து பாக்கி இருந்தது

பிள்ளைகளே, இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சின்ன காஞ்சிபுரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். கையில் ஓர் அட்டை, அதில் செருகிய காகிதங்கள், பேனா, கைநாட்டு வைப்பவர்களுக்காக ஒரு மைப்பெட்டி. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு வலிப்பு நோய். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. நரம்பு டாக்டரைப் பார்க்க மாதம் ஒரு தடவை விடியற்காலையில் பஸ் ஏறி சென்னைக்குப் போவோம். வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்பினால் இருட்டிவிடும். அவளுக்குப் பள்ளிக்கூடம் போச்சு, எனக்கு வேலை போச்சு. பக்கவாதம் வந்தவர்கள், கை நடுங்குகிறவர்கள் என்று எங்களை மாதிரியே இன்னும் சிலர் அதே பஸ்ஸில் வருவார்கள். அப்படிப் பேசிப் பேசித்தான் நாலைந்து குடும்பம் ஒன்று சேர்ந்தோம். வாரம் ஒரு நாளாவது நரம்பு டாக்டர் எங்கள் ஊருக்கு வரவேண்டும், மாத்திரையும் இங்கேயே கிடைக்கவேண்டும் என்று மனு எழுதினோம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். அதற்குள் எத்தனை கையெழுத்து சேருமோ அத்தனையும் சேர்க்கவேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம். பொதுக்காரியம் செய்கிறோமே என்று. அதோடு, முந்தின மாதம்தான் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு சண்டை போட்டிருந்தேன். ஆண்டு விழாவில் அவள் பேசுவதாக இருந்தது. மேடையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கடைசி நேரத்தில் அவள் கையிலிருந்த தாளை வாங்கி வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். "எம் பொண்ணு கையிலேர்ந்து புடுங்க நீங்க யாரு?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பெல்லாம் எட்டிப் பார்த்தது.

இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் போன தெரு ஒன்றில் ஒரு டிசைன்காரர் வீடு. பட்டுப் புடவையில் நீங்கள் பார்க்கிற மயிலும் மாங்காயும், தறிக்கு வருவதற்கு முன்னால் அவர் தாளில்தான் கட்டம் கட்டமாக உருவாகும். சில வருஷமாக அவருக்குக் கை நடுங்கும் நரம்பு நோய். வேலையை விட்டுவிட்டார். இவர் கையெழுத்து இல்லாமல் இந்த மனுவா என்று நினைத்துத்தான் உள்ளே போனேன்.

அவர் மனைவி நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். டிசைன்காரர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. சிரிக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இவருக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நோயில் முகமும் இறுகிவிடும், மனசுக்குள் சிரித்தாலும் வெளியே தெரியாது என்று எனக்கு அப்போது தெரியாது.

பேனாவை வாங்கினார். பேனா முனை தாளைத் தொட்டு அங்கேயே நின்றது. கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் ஒரு தெரு பாக்கி.

"இருப்பா, அவரே போடுவாரு. கொஞ்சம் நேரம் ஆவும், அவ்ளோதான்" என்றார் அவர் மனைவி.

"என்னண்ணா, ஒரு கையெழுத்து கேட்டா கல்யாணப் பத்திரிகையே எழுதுறீங்களே!" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பார்த்தேன். பிறகு, "விடுண்ணா, எதுக்கு சிரமம்?" என்று பேனாவை அவர் விரலிலிருந்து எடுத்துவிட்டேன். மைப்பெட்டியைத் திறந்து அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்தேன். அவர் கையை இழுத்தார். நடுக்கம்தான் இழுக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்து, மையில் அழுத்தி, தாளில் உருட்டினேன். "ஆச்சுண்ணா!" என்று அட்டையை மூடினேன். அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதற்குள் செருப்பு மாட்டிவிட்டேன்.

சாயந்திரம் வீட்டில் என் மகள் தாள்களை அடுக்கினாள். "அப்பா, இந்தக் கைநாட்டுக்கு அடியில ஏதோ எழுதியிருக்குது பா" என்றாள்.

விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். எறும்பு அளவு எழுத்து. இனிஷியல், புள்ளி, பிறகு பெயர். கோணல் இல்லாமல், வரிசை தப்பாமல். கடைசி எழுத்து ஒன்றுதான் இல்லை.

அவர் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த நோயில் எழுத்தும் சிறுத்துவிடுமாம். அவ்வளவு சின்னதாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

நான் என்ன வேலை செய்கிறவன் தெரியுமா? தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு நூல் முடிந்ததும், புதுப் பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பேன். ஆயிரக்கணக்கான இழை. தலைமுடியை விட மெல்லிசு. ஒன்றைக்கூட விடமாட்டேன், அவசரப்படமாட்டேன் என்று ஊரில் எனக்குப் பெயர். அப்படிப்பட்ட எனக்கு ஓர் எழுத்து வரைக்கும் பொறுமை இல்லை.

"அவரு எழுதிக்கினு இருக்கும்போது பேனாவை யாருப்பா எடுத்தது?" என்று மகள் கேட்டாள். தாளை மற்ற தாள்களோடு சேர்க்காமல் தனியாக வைத்தாள்.

அந்தத் தாளோடு உடனே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. "அப்போலேர்ந்து சோப்பு போட்டுத் தேச்சிக்கினே இருக்காரு. மை போவல. கைநாட்டு வச்சிக்கினு இருந்த எத்தினியோ பேருக்குப் பேரு எழுதக் கத்துக் குடுத்த மனுசன்பா அவரு" என்றார்.

டிசைன்காரர் குரல் மிகவும் தாழ்ந்து போயிருந்தது. குனிந்துதான் கேட்டேன்.

"அந்த மனு யாருக்கு?"

"உங்கள மாதிரி இருக்கிறவங்களுக்குத்தான்ணா."

"என் விரலப் புடிக்கும்போது என்னக் கேட்டியா?" என்றார்.

தப்புதான் அண்ணா என்று சொல்லி, அந்த ஓர் எழுத்தைப் போடச்சொல்லிப் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதே தாளில் இன்னும் பல பேர் கையெழுத்து இருந்ததால் அதை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. எழுதி முடிக்காத பெயரும் அதன்மேல் என் கையால் வைத்த கைநாட்டுமாக அது கலெக்டர் ஆபீஸுக்குப் போனது.

பல மாதம் அலைந்தபிறகு, மாதத்துக்கு இரண்டு நாள் நரம்பு டாக்டர் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தார். கேட்டது வாரம் ஒரு நாள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். டிசைன்காரரும் அங்கே வருகிறார். மாத்திரை வாங்கினால் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அவரேதான் போடுவார். பின்னால் நிற்பவர்கள் "சீக்கிரம் பெரியவரே" என்பார்கள். "கைநாட்டு வாங்கி அனுப்புங்கப்பா" என்று ஒருத்தர் சொன்னார். அவரைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. என் மகள்தான் போய், நோட்டு நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி எழுத்தையும் போட்டுவிட்டு அவரே பேனாவைக் கீழே வைக்கும்வரை நான் தலை நிமிர்வதில்லை. நல்லது செய்யப் போன இடத்தில் ஒரு மனுஷனின் கையை முறுக்கிப் பிடித்தவன் நான் என்பது, தினமும் இழையைத் தொடும்போது என் விரலுக்கே ஞாபகம் வருகிறது.