நீலப்பூப் பீங்கான்

காத்தான்குடியில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஹவுழ் என்போம். அதில் பதித்த ஒரு பீங்கான் தட்டால்தான் ஊரில் அம்மை பரவியதாம். நான் இருந்த சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த ஒருவர் சொன்னதாக இன்னொருவர் என்னிடம் சொன்னார். பதித்தவர் என் மாமா முகைதீன்பாவா. ஊர்க் கடிதம் வந்த பிறகுதான் நடந்தது தெரிந்தது, அதுவும் பாதிதான்.

மாமா மேசன், கொத்து வேலை. உடைந்த பீங்கானை இன்னும் சிறிதாக உடைத்து, சுண்ணாம்புச் சாந்தில் பூவும் கொடியுமாகப் பதிப்பார். மௌத்தானவர், அதாவது இறந்தவர், சாப்பிட்ட பீங்கானை ஹவுழுக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். அங்கே கை கழுவுகிறவர்களின் நன்மையில் அவருக்கும் பங்கு கிடைக்கும் என்பார்கள்.

முப்பத்தெட்டாம் ஆண்டு மாரியில் எங்கள் தெரு சாலிஹ் அம்மையில் இறந்தார். அவர் மனைவி றபீக்கா கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருந்ததால் வெளியே வர முடியாது. ஆண்கள் உள்ளே போக முடியாது. மாமி நஸீறாதான் போய், அவளோடு பகல் முழுதும் அழுதுவிட்டு, பீங்கானை வாங்கி வந்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தும் கொடுத்தாள். மாமா அதை உடைத்து ஹவுழில் பதித்தார். இரண்டு கிழமையில் மாமிக்குக் காய்ச்சல், பிறகு கொப்புளம். அம்மை நோயாளிகளைத் தனியே வைக்கும் மட்டக்களப்புக் கொட்டிலுக்கு வண்டியில் ஏற்றிப் போனார்கள். பார்க்க யாரையும் விடுவதில்லை.

பள்ளியை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் அந்தப் பீங்கானைப் பெயர்க்கச் சொன்னார்கள். எது என்று மாமாவுக்கே தெரியாது. ஒரே வியாபாரி விற்ற நீலப்பூப் பீங்கான்தான் வீட்டுக்கு வீடு. அதனால் நீலம் அத்தனையையும் உளியால் பெயர்க்கத் தொடங்கினார். பெயர்த்தால் மாமி பிழைப்பாள் என்று அவரும் நம்பிவிட்டார்.

பாதி பெயர்த்துவிட்டு, மாமியின் நிலைமை கேட்கத் தபால் கந்தோருக்கு மாமா போனார். வழியில் றபீக்கா தன் வேலிக்குள் நின்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாளாம்.

"காக்கா, என்ட மனிசனுக்கு மிஞ்சினது அந்த நன்மைதான். அதயும் பேத்தெடுக்கிறீங்களா?"

"என்ட பொஞ்சாதி கிடக்கா, புள்ள."

"அவக்குத் தொத்தினது என்ட ஊட்டுல. பீங்கான் என்ன செஞ்சது?"

மாமா கையில் உளியோடுதான் தபால் கந்தோர் ஏறினார். தபால் மாஸ்டர் நல்லரத்தினம் கொட்டிலின் காவல் அறைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மணி போகுது, பாவா. ஆரும் எடுக்கல்ல."

"பேத்தது சரியோ பிழையோ தெரியா ஐயா. இரிக்காவா எண்டு மட்டும் கேளுங்க."

நல்லரத்தினம் குழலைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.