பதினொரு பேருக்கு ஒரு கை

பரீதாவுக்கு எந்த வங்கியிலும் கணக்கு இருந்ததில்லை. ஆனாலும் 2006ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து 2007 பெப்ரவரி வரை, திருகோணமலை நகரத்து வங்கியொன்றின் வாசலில் இருந்த பணம் எடுக்கும் மெசினை அவளைவிட அதிகமாகத் தொட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. மாதத்தில் ஒரு நாள் கிண்ணியாவிலிருந்து வந்து, கைப்பையிலிருந்து றப்பர் பட்டி சுற்றிய ஒரு கட்டை எடுத்து, அட்டைகளை ஒவ்வொன்றாக மெசினுக்குக் கொடுப்பாள். மொத்தம் பதினொரு அட்டைகள். அவற்றில் ஒன்றிலும் அவளுடைய பெயர் இல்லை.

அட்டை வருவதற்கு முன்பே அவள் நகரத்துக்குப் போய்வருகிறவளாக இருந்தாள். மின்சாரக் கட்டணம், ஆசுபத்திரி மருந்து, அரசாங்கக் கச்சேரியில் கொடுக்க வேண்டிய பத்திரம் என்று தெருவில் யாருக்கு என்ன வேலை இருந்தாலும் அவள் கையில் வரும். நகரம் தூரமில்லை. ஆனால் கிண்ணியாத் துறையில் ‘பாதை’ என்று எல்லாரும் சொல்லும் மிதவையில் ஏறிக் கடலைக் கடக்க வேண்டும். அக்கரையில் பஸ் பிடித்தால் சீனக்குடாச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்து, நடக்கவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு அது ஏலாது. பக்கத்து ஊரான ஆலங்கேணியின் தமிழ்ப் பெண்களுக்கு அங்கே கேள்விகள் கூடுதல். ஆகவே ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு பரீதா போய் வந்தாள். யுத்தத்தால் படகுகள் தொழிலுக்குப் போவதற்குக் கட்டுப்பாடு வந்தபின், மீன் வியாபாரியான அவளுடைய கணவன் அபூதாஹிருக்கு விற்க மீன் இல்லை. வீட்டு உலை அந்த ஐம்பது ரூபாய்களில்தான் கொதித்தது.

வங்கி துறையடியில் கூடாரம் அடித்தது 2006ஆம் வருட நடுவில். ‘கையில் காசு எதற்கு? இலத்திரனியல் பணத்துக்கு மாறுங்கள்’ என்று பதாகை கட்டியிருந்தார்கள். கணக்குத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு குடை. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் நகரத்திலிருந்து வந்த கலீலுர் றஹ்மான் என்ற இளம் உத்தியோகத்தர். கட்டார், சவூதி என்று கணவனையோ மகனையோ அனுப்பிவிட்டு மாதக்காசுக்குக் காத்திருக்கும் பெண்கள் இந்தப் பக்கம் நிறைய என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர்களைப் பார்த்தே பேசினார்.

“களவு போறது கையில இருக்கிற காசு. இந்தக் காசு களவு போகாது. எங்க எடுத்தாலும், எத்தினை மணிக்கு எடுத்தாலும் எங்கட கொம்பியூட்டரில பதிஞ்சிடும். ஒரு ரூபா நகர்ந்தாலும் தடம் இருக்கும்.”

“தம்பி, அந்தத் தடம் யார் யார்ட கண்ணுக்குத் தெரியும்?” என்றான் பின்னால் நின்ற அபூதாஹிர்.

“வங்கிக்கு மட்டும்தான், நானா,” என்றார் அவர், அண்ணன் முறை வைத்து.

“வங்கிக்குத் தெரிஞ்சா அரசாங்கத்துக்குத் தெரியும். அங்க தெரிஞ்சா வரிக்காரனுக்குத் தெரியும். அதோட நிண்டாலும் பரவாயில்ல. காட்டுக்குள்ள இருந்து வரி கேக்கிறவங்களுக்கும் தெரிய வந்தா நான் எத்தினை பேருக்குக் கட்டுறது?”

கூட்டம் சிரித்தது. கலீலுர் றஹ்மானும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

“மறைக்க ஒண்டும் இல்லாத ஆள் ஏன் நானா பயப்பிடோணும்?”

“என்னட்டயும் மறைக்க ஒண்டும் இல்லத்தான். அதுக்காக நான் சாரனக் கழட்டிப்போட்டு நடக்கிறனா?”

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த விவாதத்தில் அபூதாஹிர்தான் வென்றான் என்று அன்று முழுவதும் துறையில் கதைத்தார்கள். குடை மட்டும் கூடாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அட்டைகள் வந்ததும் வங்கி ஒரு பஸ் பிடித்துப் பெண்களை நகரத்துக்குக் கூட்டிப்போய் மெசினைக் காட்டியது. குழந்தைகளைப் பிடித்துக்கொள்ள பரீதாவும் போனாள். ஒவ்வொருவரும் தனக்கென்று நான்கு இலக்கம் வைக்க வேண்டும், அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்றார் கலீலுர் றஹ்மான். பெண்கள் யோசித்து, யோசித்து, எல்லாருமே மூத்த பிள்ளை பிறந்த வருடத்தை வைத்தார்கள்.

“நீங்க ஏன் ராத்தா எடுக்கல்ல?” என்று அவர் அக்கா முறை வைத்துப் பரீதாவிடம் கேட்டார்.

“வைக்க ஏதும் இருந்தாத்தானே தம்பி. என்ட காசு பாதையில ஏற முதலே முடிஞ்சிரும்.”

அடுத்த மாதம் மறுபடி அந்தப் பயணத்தைச் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. மின்சாரக் கட்டணத்தைக் கொடுத்துவிடுவது போலவே அட்டையையும் பரீதாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஆலங்கேணித் தங்கரத்தினம் மட்டும் கொஞ்சம் யோசித்தார். தனியாக இருந்த விதவை அவர். ஒரே மகன் கட்டாரில். இலக்கத்தைச் சொல்ல அவர் குரலைத் தாழ்த்தியபோது பரீதா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீங்க சொல்லத் தேவையில்ல அக்கா. உங்கட மகன் பிறந்த வருஷம்தானே? அந்த வெள்ளத்துக்குள்ள மருத்துவிச்சியக் கூட்டிட்டு வந்தது எங்கட உம்மா. நானும் பின்னால லாம்பு பிடிச்சிட்டு வந்தனான்.”

மற்ற இலக்கங்களும் அப்படித்தான். எழுதி வைக்கும் தேவையே அவளுக்கு வரவில்லை. எந்தப் பிள்ளை எந்த வருடம் என்பது தெருவில் அவளுக்குத் தெரியாத விடயமில்லை.

ஒருமுறை அவள் மெசினின் முன்னால் கட்டோடு நின்றதைக் கலீலுர் றஹ்மான் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“ராத்தா, இதெல்லாம் யார்ட?”

“எங்கட தெருட.”

இது பிழை என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். கொடுத்த அட்டைகளில் எத்தனை உண்மையில் பாவனையில் இருக்கின்றன என்று கொழும்பிலிருந்து மாதாமாதம் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிண்ணியா அட்டைகள் அத்தனையும் பாவனையில் இருந்தன.

“ஒரேயடியா எல்லாத்தையும் போடாதீங்க. இடையில மத்த ஆக்களுக்கும் இடம் விட்டுப் போடுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெப்ரவரியில் அப்படி ஒரு காலையில், அவள் வேலையை முடித்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தபோது சந்தைக்குப் பின்னால் குண்டு வெடித்தது. கடைகள் இழுத்துப் பூட்டின. வீதிகள் மூடப்பட்டன. அவள் கிண்ணியாவுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. முதல் நாளே காய்ச்சல் என்று சொல்லியிருந்த தங்கரத்தினம் இன்னும் சுருண்டு கிடந்தார். அவருடைய காசிலேயே வாங்கிய பனடோல் மாத்திரையையும் இரண்டு தோடம்பழங்களையும் மீதிப் பணத்தையும் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்து ஒரு ஜீப் ஆலங்கேணிக்கு வந்து தங்கரத்தினத்தை ஏற்றிக்கொண்டு போனது. குண்டு வெடிப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில் அந்த மெசினைப் பாவித்தவர்களின் பெயர்களை விசாரணைக்காரர்கள் வங்கியிடம் வாங்கியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் பெறும், வெளியூர்த் தமிழ்ப் பெயர் அதில் அது ஒன்றுதான். மற்றவற்றைப் பிறகு பார்க்க வைத்திருந்தார்கள். தான் நகரத்துக்கே போகவில்லை என்று தங்கரத்தினம் சொன்னார். அப்படியானால் யார் போனது என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. அவருக்குச் சோறு கொண்டுபோன உறவுக்காரி வந்து சொன்ன செய்தி இது.

“நீ பேசாம இரு,” என்றான் அபூதாஹிர். “கார்ட்டில அவட பேரு. மெசினுக்குக் கை தெரியாது. நீயாப் போய்ச் சொன்னாத்தான் தெரியும்.”

“அவ காய்ச்சல்ல கிடந்தவ மச்சான். நான் கண்டனான்.”

“நீ கண்டா? குண்டு வெடிச்ச இடத்தில நிண்டது நான்தான் எண்டு நீயே போய்ச் சொல்லப் போறியா? உன்னப் பிடிச்சு வச்சா இந்த ரெண்டு புள்ளயளையும் யாரு பாக்கிறது?”

“நீங்கதான். கரைக்கு மீனும் வாறல்ல, நீங்க சந்தைக்கும் போறல்ல. வேற என்ன வேல உங்களுக்கு?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு துறையடி வரைக்கும் அவளோடு நடந்தான். பாதை புறப்படும்வரை நின்றான்.

நகரத்துப் பொலிஸ் நிலையத்தில் விசாரணை அதிகாரி களைத்துப் போயிருந்தார். அவருக்குத் தமிழ் வராது. வங்கி விபரங்களை விளக்க அன்று கலீலுர் றஹ்மான் வரவழைக்கப்பட்டிருந்ததால் அவரையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். பரீதா றப்பர் பட்டியைக் கழற்றி அட்டைகளை மேசையில் பரப்பினாள். தங்கரத்தினத்தின் அட்டையும் அதில் இருந்தது.

“அண்டைக்குக் காசு எடுத்தது நான். அவட கார்ட் மாசம் முழுக்க என்னட்டத்தான் இருக்கிற.”

அதிகாரி அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். “இதில் உன்னுடையது எது?”

“ஒண்டுமில்ல, சேர்.”

“அப்படியென்றால் நீ திருடி.” இதைக் கலீலுர் றஹ்மான் கொஞ்சம் மென்மையாக்கித்தான் சொன்னார். பரீதாவுக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். சொல் அவளுக்கு முன்பே விளங்கிவிட்டது.

“இந்தத் தம்பிக்குத் தெரியும்,” என்றாள்.

அதிகாரி இளைஞரைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். கலீலுர் றஹ்மான் மேசையைப் பார்த்தபடி நீளமாகப் பதில் சொன்னார். அதில் ‘வங்கி’, ‘விதி’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன.

“அதையும் எனக்குத் தமிழில சொல்லுங்க தம்பி,” என்றாள் பரீதா. “மத்ததெல்லாம் சொன்னீங்கதானே.”

 அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார்.

“விதியை நான் கேட்கவில்லை. இவள் எடுப்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்,” என்றார் கலீலுர் றஹ்மான் சிங்களத்தில். பிறகு பரீதாவின் பக்கம் திரும்பி, அதே அளவு குரலில், “தெரியும் எண்டு சொன்னனான், ராத்தா,” என்றார்.

அதோடு முடிந்துவிடவில்லை. அவளை ஜீப்பில் ஏற்றி மெசினடிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பொலிஸ்காரர் அட்டையை நீட்ட, அவள் அதிலுள்ள பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இலக்கத்தை அழுத்தினாள். முதலாவது திறந்தது. இரண்டாவது திறந்தது. தங்கரத்தினத்தின் அட்டையும் திறந்தது. ஆறாவதில் அதிகாரி போதும் என்றார்.

“ஆகவே, குண்டு வெடிப்பதற்கு முன் இங்கே நின்றது நீ.”

“ஓம், சேர்.”

தங்கரத்தினம் அன்று பின்னேரமே விடப்பட்டார். பரீதாவை மறுநாள்தான் விட்டார்கள். முன்னாலும் பக்கவாட்டிலும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அடையாள அட்டை இலக்கம், கணவனின் பெயர், தெரு, நகரத்துக்கு வந்துபோகும் நாட்கள் எல்லாம் பதியப்பட்டன. மாதம் ஒரு தடவை வந்து கையொப்பமிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. பதினொரு அட்டைகளையும் வங்கி இரத்துச் செய்தது. புதிய அட்டையை உரியவர் நேரில் வந்துதான் எடுக்க வேண்டும், அவரே பாவிக்க வேண்டும் என்று கடிதம் போட்டது.

மார்ச் மாதத்தில் பதினொரு பெண்களும் ஒன்றாகப் பாதையில் ஏறினார்கள். பரீதாவின் கையொப்ப நாளும் அதுதான் என்பதால் அவளும் போனாள். இந்தத் தடவை யாரும் அவளுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய காரணமும் இல்லை. சீனக்குடாவில் எல்லாரும் இறங்கி நடந்தார்கள். தங்கரத்தினத்தை மற்றவர்களைவிட அதிக நேரம் நிறுத்தி வைத்தார்கள். பஸ் காத்திருந்தது.

மெசினருகே கலீலுர் றஹ்மான் நின்றார். அவருக்கு இடமாற்றம் வந்திருந்தது.  இம்முறை பிள்ளைகள் பிறந்த வருடத்தை வைக்கவே கூடாது, ஒருவருக்கும் எட்டாத இலக்கமாக யோசித்து வையுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். பெண்கள் உள்ளே போய் இலக்கம் வைத்தார்கள். வங்கிக்குள் மற்ற வேலைகளை முடித்துவிட்டு, பணம் எடுக்க வரிசையில் நின்றார்கள். பரீதா அவர்களுடைய குழந்தைகள் இரண்டை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

தங்கரத்தினத்தின் முறை வந்தது. அட்டையைப் போட்டார். ஒரு தடவை அழுத்தினார். மெசின் மறுத்தது. இன்னொரு தடவை அழுத்தினார். அதுவும் சரிவரவில்லை. மெசின் அறைக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

“பரீதா, என்ட நம்பர் என்ன பிள்ளை?”

வரிசை முழுவதும் சிரித்தது.

“எனக்கெப்படித் தெரியும் அக்கா? இப்ப அது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்.”

“அப்படியெண்டா ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் தங்கரத்தினம்.

பழக்கத்தில் கை மகன் பிறந்த வருடத்தை அழுத்தியது. மூன்றாவது தடவை. மெசின் அட்டையை விழுங்கிக்கொண்டது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் இரண்டு கிழமையில் வேறொன்று வரும் என்றார் கலீலுர் றஹ்மான்.

திரும்பும் வழியில், துறைக்கு முன்னால் இருந்த கடையில் பரீதா இரண்டு கிலோ அரிசியும் கொஞ்சம் பருப்பும் வாங்கித் தங்கரத்தினத்தின் பையில் வைத்தாள். இடுப்பில் முடிந்திருந்த பணத்தாள்களை எண்ணிக் கொடுத்தாள். கடைக்காரர் அவற்றை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். யார் கொடுத்தார், யாருக்காகக் கொடுத்தார் என்பது எங்கும் பதியப்படவில்லை.