சிவப்புச் சட்டையும் ஊசித்தட்டானும்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி புதுக் கேமரா வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினான். கூடவே, பூச்சிகளைக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் ஒன்று. நான் திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். லீவு நாள் விடிந்தால் போதும், கேமராவை மாட்டிக்கொண்டு எங்கள் வயல் வரப்புக்குக் கிளம்பிவிடுவேன்.

ஆரம்பத்தில் எடுத்ததெல்லாம் படுமோசம். தும்பைப் பூ எது, பின்னால் கிடக்கும் வைக்கோல் எது என்று தெரியாமல் ஒரே குப்பையாக இருக்கும். தம்பிக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான்.

“மேலேர்ந்து எடுக்காதக்கா. பூச்சி கண்ணுக்கு நேரா உன் கண்ணு இருக்கணும். படுத்துக்க.”

“எங்கடா படுக்குறது?”

“வரப்புலதான்.”

அவன் சொன்னது சரிதான். நின்றுகொண்டு எடுத்தால் பூச்சிக்குப் பின்னால் சேறுதான் தெரியும். படுத்துவிட்டால் பின்னணி தூரத்து வயலுக்குப் போய்விடும். தூரத்தில் இருப்பதெல்லாம் லென்ஸில் கரைந்து, பட்டுத்துணி மாதிரி வெறும் நிறமாகிவிடும்.

சம்பா நடவு நேரம் அது. ஒரு சனிக்கிழமை காலை, வாய்க்கால் ஓரத்துக் கோரையின் நுனியில் சிவப்புத் தட்டான் ஒன்று வந்து உட்கார்ந்தது. மெதுவாகக் குப்புறப் படுத்தேன். முகவாய் மண்ணில், ஒரு கால் வாய்க்கால் தண்ணீரில். மூச்சை அடக்கிக்கொண்டு கிளிக், கிளிக் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

“ஐயையோ, டீச்சர் விழுந்து கெடக்குறாங்கடி!”

நாற்று முடிகளைப் போட்டுவிட்டு எல்லாரும் சேற்றில் தளக் தளக்கென்று ஓடி வந்தார்கள். தட்டான் பறந்துவிடுமே என்ற பதற்றத்தில், தலையைத் திருப்பாமல் கையை மட்டும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். அதுதான் வினையாகிவிட்டது.

“கை வெட்டி வெட்டி இழுக்குது! பாம்புதான் தொட்டுருச்சு!”

ஒருவர் என் காலைப் பிடித்து இழுத்தார். இன்னொருவர் என்னைப் புரட்டிப் போட்டார். தட்டான் போயே போய்விட்டது. நான் சேறு அப்பிய முகத்தோடு, “ஒண்ணுமில்லைங்க, போட்டோ எடுத்தேன்” என்றேன்.

முதலில் ஒருவர் சிரிக்க, எல்லாருமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓடி வந்ததில் மூச்சிரைத்துக்கொண்டே, “ஒரு தட்டானுக்காவா எங்க உசுர வாங்குனீங்க?” என்று கேட்டார் என் காலைப் பிடித்து இழுத்தவர். நடவுக் குழுவுக்கு அவர்தான் தலைவி.

கேமராவின் திரையைக் காட்டினேன். தட்டானின் இறக்கையில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. அவர்கள் பார்த்தது அதை அல்ல.

“பின்னாடி கலர் கலரா இருக்கே, அது என்ன?”

“நீங்கதான்.”

வெயிலுக்கும் சேற்றுக்கும் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் நடவுக்கு வருவார்கள். “இந்த ஊதா நான்.” “மஞ்சள் நான், பக்கத்துல பச்சை இவ.” திரை முழுக்கச் சேற்று விரல்கள். தலைவி மட்டும் தன்னைத் தேடிக்கொண்டே இருந்தார். அவர் போட்டிருந்தது வெளுத்துப்போன காக்கிச் சட்டை. அது சேற்றோடு சேறாகிவிட்டது.

“எல்லாரும் இருக்காளுவ, நான் எங்க டீச்சர்?”

பெரிதாக்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை. “பரவால்ல, விடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் வயலுக்குத் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் போவதற்கு முன்பே நடவு தொடங்கியிருந்தது. வரிசையின் நடுவில், கண்ணைப் பறிக்கிற சிவப்பில் ஒரு சட்டை. தலைவிதான்.

“மருமவன் தீபாவளிச் சட்டை டீச்சர். கேக்காமதான் எடுத்தாந்தேன். இன்னைக்கு விடாதீங்க!”

படுத்தேன். தட்டான் எதுவும் உட்காரவில்லை. நாற்றை ஊன்றிக்கொண்டே அவர் அங்கிருந்து குரல் கொடுப்பார்: “வந்துச்சா?” வரப்போவதும் அந்தச் சத்தத்தில் திரும்பிப் போகும்.

“நீங்க கத்துனா எப்படிங்க வரும்?”

“சரி சரி, கத்தல.” சற்று நேரம் கழித்து, “வந்துச்சா?”

மற்றவர்கள் அவர் வாயைப் பொத்தாத குறை. வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. போதும், எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, குண்டூசிப் பருமனில் நீல ஊசித்தட்டான் ஒன்று வந்து கோரையில் ஒட்டிக்கொண்டது. நான் வயிற்றாலேயே நகர்ந்து, அதற்கு நேர் பின்னால் சிவப்பு வரும்படி கேமராவைத் திருப்பினேன். நீலப் பூச்சி மட்டும் கூர்மையாக நின்றது. பின்னால் பெரிய சிவப்பு வட்டம் ஒன்று, ஓரங்கள் கரைந்து, வயலின் பச்சைக்குள் இறங்கியிருந்தது. இதுவரை நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

“வந்துருச்சுங்க!” என்று நானே கத்திவிட்டேன். அவர் நாற்றுக் கட்டோடு ஓடி வந்து திரையைப் பார்த்தார். “இவ்ளோ பெருசாவா இருக்கேன்!” என்றார். வெட்கத்தில் முகம் பூரித்துவிட்டது.

தஞ்சாவூரில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டைக்குச் சொந்தக்கார மருமகன்தான் ஆணி அடித்தார். சேறு போகவே இல்லை என்று புலம்பிக்கொண்டே அடித்தார். அப்போது பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “சூரியன் நல்லா விழுந்துருக்கே” என்றார்.

“சூரியன் இல்லடி, நான்தான்” என்றார் தலைவி. பிறகு என்னைப் பார்த்து, “இந்தப் பூச்சிய மட்டும் இன்னும் கொஞ்சம் சின்னதா எடுத்திருக்கலாம் டீச்சர்” என்றார்.