லியோ எழுதாமல் விட்ட வரி

லியோ ப்ருசாக்குக்கு ஊரில் சொந்த வீடு உண்டு. ஆனால் இருபத்தாறு வருஷமாக அவர் குடியிருந்தது என்னவோ காரில்தான். எரி என்ற ஏரிக்கரையில், கையால் பந்தெறிந்து மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஓஹையோவிலும் இந்தியானாவிலும் பேர் தெரியாத கல்லூரிகளுக்கெல்லாம் போவார், பெட்ரோல் பங்க் ஹாட்டாக் ரொட்டியைத் தின்பார், எவன் தேறுவான் என்று எழுதி அனுப்புவார். பயிற்சியாளரிடம் விசாரிக்கவே மாட்டார். "தன் பிள்ளையை எவனாவது குறை சொல்லுவானா? துணி துவைக்கிறவங்களைக் கேளு" என்பார்.

எட்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு கல்லூரியில், சலவை அறைக்கார லோரெட்டா அவரிடம் சொன்னாள்: "டெரன்ஸ் மேபரியா? தங்கமான பையன். ஆனா திங்கக்கிழமை தவறாம இடது முட்டியில ஊசி குத்தி நீர் எடுக்கிறாங்க. ரத்தம் பட்ட துண்டு என்கிட்டதானே வருது! நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

லியோ அதை எழுதவில்லை. அந்தப் பையனை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. 'கால்கள் சுத்தம்', அதாவது ஒரு பழுதும் இல்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசியில் வேறோர் அணி முந்திக்கொண்டது. விட்டது சனி என்று லியோவும் இருந்துவிட்டார்.

சனி விடவில்லை. மேபரி நாடறிந்த தடுப்பாட்டக்காரனாகிவிட்டான். எதிரி பந்தை எறிவதற்குள் பாய்ந்து அமுக்குவதில் அவனுக்கு ஈடு கிடையாது. இப்போது லியோவின் அணி அவனை வாங்க, இரண்டு வருஷத்துக்குக் கல்லூரிப் பையன்களை முதல் சுற்றில் எடுக்கும் உரிமையையே அவன் அணிக்குக் கொடுக்கவேண்டும் என்றபோது ஊர் இரண்டு பட்டது.

"பிறக்காத குட்டிக்காக, வர்ற புலியை வேணாம்பீங்களா?" என்றது முடிதிருத்தும் கடையில் ஒரு கட்சி.

"விதைக்கு வச்சதைப் பொங்கித் தின்னுட்டு அடுத்த வருஷம் என்னடா பண்ணுவீங்க?" என்றது இன்னொரு கட்சி.

செவ்வாய் மாலை நாலு மணி கெடு. அந்த அணியில் ஒரு பழக்கம் உண்டு. யாரை வாங்கினாலும், கல்லூரியில் அவனைப் பார்த்தவரைக் கூப்பிட்டு, அவர் எழுதியதை அவர் முன்னாலேயே வாசிப்பார்கள். அன்று மேலாளர் ஹாலண்டர் வாசித்தார்.

"ஸ்கேன்ல இடது முட்டி லேசாத் தேஞ்சிருக்கு லியோ. பழசா புதுசான்னு டாக்டருக்குச் சொல்லத் தெரியல. நீங்க அப்பவே 'கால்கள் சுத்தம்'னு எழுதியிருக்கீங்க. அப்போ புதுசுதான், சரியாயிடும். என்ன சொல்றீங்க?"

லியோ கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷம் சம்பாதித்த பேர் அந்த அறையிலேயே போய்விடும். அவர் எழுதிய எதையும் இனி எவனும் நம்பமாட்டான். வாயைத் திறந்திருக்கலாம் மனிதர். ஆமாம் என்று தலையைத்தான் ஆட்டினார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் எல்லாம் முடிந்தது. தெருவில் கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. மனைவி டார்லின் போனில் கத்தினாள்: "டிவியில உன் பேரைச் சொன்னாங்க லியோ! நீ கண்டுபிடிச்ச ஆளாமே!" லியோ பாதியிலேயே போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மேபரி வந்தான். நடைவழியில் லியோவைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"உங்க அறிக்கையை எனக்கே படிச்சுக் காட்டினாங்க சார். லோரெட்டா உங்ககிட்ட சொல்லிட்டதா அன்னிக்கே என்கிட்ட அழுதாங்க. அப்படியும் நீங்க எழுதல பாருங்க!"

"இப்போ முட்டி எப்படிப்பா இருக்கு?"

மேபரி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அப்போ திங்கக்கிழமை மட்டும். இப்போ மரத்துப்போற ஊசி இல்லாம களத்துல இறங்க முடியாது. சில நாள் பாதம் இருக்கிறதே தெரியல. ஆனா இங்க நீங்க இருக்கீங்களே, அந்த தைரியத்துலதான் வந்தேன்."

வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று. லியோ இரண்டு முறை ஹாலண்டர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது கால்மணி ஆட்டத்தில், யாரும் தொடாமலே மேபரி விழுந்தான். அவன் அலறியது மேலே லியோ உட்கார்ந்திருந்த கண்ணாடி அறைவரைக்கும் கேட்டது. எழுபதாயிரம் பேர் எழுந்து நிற்க, அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஹாலண்டர் வந்து லியோவின் தோளில் கை வைத்தார்.

"நம்ம கெட்ட நேரம் லியோ," என்றார். "நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."