அப்பாவின் கிளாஸ்மேட்டுகள்

அப்பா வேலை பார்த்தது தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில். பறித்து வரும் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டும் இடம் அது. கொழுந்து போதுமான அளவு வாடிவிட்டதா என்று காட்ட அங்கே ஒரு மானி உண்டு. அப்பா அதையும் பார்ப்பார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தியும் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் மானியைத் தட்டுவார்.

அவர் பெயர் சின்னையா. பிரிஞ்சாங் என்ற மலை டவுனுக்கு மேலே உள்ள எஸ்டேட்டில், நான் வளர்ந்த அதே தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தார். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். பிறகு வேலை. நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தபோது அம்மா இறந்தார். அதற்குப் பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. மலைக்குக் கீழே இருக்கிற ஈப்போவைத் தாண்டி அவர் எங்கேயும் போனதாக எனக்கு நினைவில்லை.

இயந்திரப் பொறியியலில் மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்து நான் ஜெர்மனிக்குப் போனேன். ஊர் கார்ல்ஸ்ரூஹே. பெட்டியில் அப்பா தன் கையால் வைத்தது எஸ்டேட் தேயிலைத்தூள் மட்டும்தான். பொட்டலம் பொட்டலமாக.

"போற இடத்துல எல்லாம் போட்டுப் பாரு. தண்ணி எப்படின்னு சொல்லு."

தொழிற்சாலைக்காரர்களின் பழக்கம் அது. யாராவது வெளியூர் போய் வந்தால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒரே தூளை இரண்டு ஊரில் போட்டால் இரண்டு டீ வரும். அதை வைத்து ஊரை எடைபோடுவார்கள்.

போன முதல் வாரமே அப்பாவுக்கு அறிக்கை கொடுத்தேன்.

"மேல ஆடை கட்டுதுப்பா."

"பால் ஊத்தினியா?"

"இல்ல, வெறும் டீதான். தண்ணியில சுண்ணாம்பு அதிகம்."

"சுண்ணாம்பா? அப்ப வெத்தலையும் வாங்கி வெச்சுக்க."

வகுப்பில் எனக்கு நெருக்கமாக இருவர் கிடைத்தார்கள். ஆகதா போலந்துக்காரி. மத்தேயோ இத்தாலிக்காரன். சனிக்கிழமைகளில் மூவரும் மலிவான ரயில் டிக்கெட்டில் கிளம்பிவிடுவோம். முதலில் போனது எல்லை தாண்டி ஸ்ட்ராஸ்பூர். பெரிய தேவாலயத்தின் முன்னால் எடுத்த படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"யாரோட போன?"

"கிளாஸ்மேட்டுங்களோட."

அப்பா சொன்னார்: "எனக்கும் கிளாஸ்மேட்டு இருக்காங்க லா."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி, உடம்புக்கு என்ன என்று விசாரித்தாராம்.

அப்பாவுடன் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்களில் மூவர் இன்னும் மலையில்தான் இருந்தார்கள். மாடசாமி மாமா எஸ்டேட் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பழைய வேன் ஒன்று வைத்திருந்தார். இராசம்மா அத்தை பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வடை போடுகிறவர். முகம்மது கனி மாமாவுக்கு அதே டவுனில் சாப்பாட்டுக் கடை. அவருடைய அத்தா எஸ்டேட் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்ததால் அவரும் அங்கேதான் எழுத்துப் படித்தார்.

அந்த ஞாயிறு ஈப்போ பழைய ரயில்வே நிலையத்தின் முன்னால் நால்வரும் நிற்கிற படம் வந்தது. அப்பா சட்டையை உள்ளே விட்டிருந்தார்.

"உன்னுது சர்ச்சு. என்னுது ஸ்டேசன். ரெண்டும் வெள்ளக்காரன் கட்டினதுதானே லா."

"தண்ணி எப்படிப்பா?"

"பரவால்ல. ஆனா கனி அடுப்பு பத்தவெக்கறதுக்குள்ள போலீஸ்காரன் வந்துட்டான். அவனுக்கும் ஒரு கிளாஸ் குடுத்தோம்."

அப்படி ஆரம்பித்தது. எனக்குச் சனி, அவருக்கு ஞாயிறு. நான் எதைப் பார்த்தாலும் அதற்கு ஈடாக ஒன்றை அவர் தேடினார். நான் ரைன் நதிப் பாலத்தில் நின்றால் அவர் கோலகங்சார் பக்கம் ஒரு பழைய ரயில் பாலத்தில் நின்றார். கனி மாமா கேஸ் அடுப்பும் கேத்தலும் கொண்டு வருவார். இராசம்மா அத்தை வடை. எந்த ஊரானாலும் ஒரு கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி, எஸ்டேட் தூளைப் போட்டுக் குடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

ஒரு நீண்ட விடுமுறையில் மத்தேயோ எங்களைப் பீசாவுக்கு அழைத்துப் போனான். எல்லோரையும் போல நானும் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி படம் எடுத்தேன். அப்பாவுக்கு ஒரே குஷி. தெலுக் இந்தானில் சாய்ந்த மணிக்கூண்டு ஒன்று உண்டு. அடுத்த ஞாயிறே படம் வந்தது. மாடசாமி மாமா எங்கே நின்று எடுத்தாரோ, அப்பாவின் கை மணிக்கூண்டைத் தாங்கவில்லை. பின்னால் நின்ற இராசம்மா அத்தையின் தலையைத் தாங்கியிருந்தது.

போனில் பேசியபோது பின்னணியில் அத்தையின் குரல் கேட்டது. "டேய் மாடா, உனக்குக் கண்ணு தெரியலன்னா லைசென்ஸ திருப்பிக் குடு."

"நீதான் சாஞ்சு நிக்கற இராசு. நான் என்ன செய்ய?"

"பாப்பா, அந்தப் படத்த அழிச்சிரு," என்றார் அப்பா. ஆனால் அதைத்தான் தன் வாட்சாப்பில் முகப்புப் படமாக வைத்திருந்தார். கடைசி வரை மாற்றவில்லை.

இரண்டாவது இலையுதிர் காலத்தில் நாங்கள் கருங்காட்டுப் பக்கம், பாட் வில்ட்பாட் என்ற சிறிய ஊருக்குப் போனோம். அடர்ந்த மரங்கள், பள்ளத்தாக்கில் மூடுபனி, ஈரமான குளிர். விடுதி அடுக்களையில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தூளைப் போட்டேன். ஆடை கட்டவில்லை. நிறம் தெளிந்து சிவந்து வந்தது. ஒரு வாய் குடித்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஆகதா மத்தேயோவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அப்பாவைக் கூப்பிட்டேன்.

"நம்ம வீட்டு டீப்பா."

"நெசமாவா?"

"நெசமா. அதே ருசி."

"அங்க என்ன கல்லு?"

"மணற்கல். சில இடத்துல கருங்கல்."

"அதான்," என்றார். "நம்ம மலையும் கருங்கல்தானே. சுண்ணாம்பு இல்ல." பிறகு, வேறு எங்கே போனாய் என்று கேட்டார். அந்த ஊரில் மலை ரயில் ஒன்று இருந்தது. அதில் ஏறியதைச் சொன்னேன்.

"ரெண்டு பெட்டி, ஒரே கயிறு. ஒன்னு இறங்கறப்ப ஒன்னு ஏறும். இறங்கற பெட்டியோட எடை மத்ததுக்கு உதவும். மிச்சத்த மோட்டார் பாத்துக்கும்."

"ஒரே தண்டவாளமா? முட்டிக்காதா?"

"நடுவுல மட்டும் ரெண்டாப் பிரியும்."

"அப்ப அந்த இடத்துல ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க."

"கை காட்டுவாங்கப்பா."

"பினாங்கு மலையிலயும் அதே மாதிரி ஒன்னு இருக்கு. மாடன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

"போயிட்டு வாங்களேன்."

"இல்ல. அதுல இவங்களோட ஏற மாட்டேன். அது உன்னோட. நீ படிச்சு முடிச்சிட்டு வா."

அவர் எதையும் எனக்காக என்று கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. நான் சரி என்றேன்.

சொன்னபடியே இருந்தார். மாடசாமி மாமா ஒவ்வொரு முறை பினாங்குக்குத் திட்டம் போட்டபோதும் அப்பா வேனைத் தைப்பிங்குக்குத் திருப்பினார். தைப்பிங் ஏரிக்கரையில், அதே மரத்தடியில், நால்வரும் நிற்கிற படங்கள் என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் மழை.

நான் ஆய்வறிக்கை எழுதத் தொடங்கியிருந்தேன். ஒரு வேலை நாளில் அப்பா மேல்மாடியில் கொழுந்துத் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். எழவில்லை. மாரடைப்பு. இராசம்மா அத்தைதான் எனக்குப் போன் செய்தார். ஆகதா என் பெட்டியை அடுக்கினாள். எதற்கு என்று தெரியவில்லை, அலமாரியில் மீதியிருந்த கடைசித் தேயிலைப் பொட்டலத்தையும் உள்ளே வைத்திருந்தாள். எஸ்டேட்டுக்கே அது திரும்பி வந்து சேர்ந்தது.

எனக்காகக் காத்திருந்து அடக்கம் செய்தார்கள். கருமாதி முடிந்தது. அறிக்கையை ஒப்படைக்க நான் திரும்பிப் போயாக வேண்டும். விமான டிக்கெட்டைப் பினாங்கிலிருந்து எடுத்தேன். ஏன் என்று மூவருக்கும் தெரியும். கிளம்பும் நாள் ஞாயிறு. காலையிலேயே வேனோடு வந்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் இராசம்மா அத்தை என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன்னை ஏத்திவிட நாங்க வர்றோம் பாப்பா. ஆனா அந்த மலை ரயிலு வேணாம். அப்பன் போயி ஒரு வருசம் மலை ஏறக் கூடாது."

"அது கோயில் மலைக்கு," என்றார் மாடசாமி மாமா. "இது ரயிலு லா."

"ரயிலு எங்கடா போகுது? கடலுக்கா?"

"நாம குடியிருக்கறதே மலையில. பாப்பா கே.எல்.லேர்ந்து வந்தப்பவே ஏறித்தானே வந்துச்சு? கீழயே குந்தியிருக்கச் சொல்வியா?"

"வீட்டுக்கு வர்றது ஏறுறதுல சேராது. அத சொன்னதே சின்னையாதான்."

உண்மைதான். அம்மா இறந்த வருஷம் தைப்பூசத்துக்கு லைன்காரர்கள் எல்லோரும் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. அப்படியானால் தினமும் தொழிற்சாலை மேட்டில் ஏறுகிறாயே என்று யாரோ சீண்டியதற்கு, வேலைக்குப் போவதும் வீட்டுக்கு வருவதும் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்.

கனி மாமா தொண்டையைச் செருமினார். "எங்க பக்கம் இந்தக் கணக்கு இல்ல. நீங்க ரெண்டு பேரும் கீழ நில்லுங்க. பாப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

"பாப்பா உன் பக்கமா, சின்னையா பக்கமா?"

கனி மாமா வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிவில்லாமலே கிளம்பினோம். பின்னால் ஏறப் போன என்னை மாடசாமி மாமா தடுத்தார். "முன்னாடி உக்காரு. வழி சொல்றவன் சீட்டு அது. அவனுக்கு வழி தெரியாது, ஆனாலும் சொல்லுவான்." ஏறினேன். இருக்கை பின்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அப்பா உயரமானவர். நான் அதை நகர்த்தவில்லை. கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைக் கடந்து மலை இறங்கி, வடக்கே திரும்பும் வரை என் கால் எதிலும் முட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பினாங்கு மலை அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தண்டவாளம் செங்குத்தாக மேலே போய் மரங்களுக்குள் மறைந்தது. உருளைகளின் மேல் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் விளக்கியிருக்க வேண்டியதெல்லாம் அங்கே கண்ணெதிரே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பினால் இராசம்மா அத்தையைக் காணோம். சற்று நேரத்தில் நாலு டிக்கெட்டோடு வந்தார்.

"ஏறு பாப்பா. கேட்டுட்டேன்."

"யாரை அத்தை?"

"சின்னையாவத்தான். இதுக்குத்தான அவன் எங்கள அந்தத் தைப்பிங் மழையில நிக்க வெச்சான்? குத்தம் ஏதாச்சும் வந்தா என் தலையில வரட்டும்." அவர் கண்கள் சிவந்திருந்தன.

டிக்கெட்டைக் கையில் வாங்கினேன். வரிசை நகர்ந்தது. பெட்டி வந்து நின்றது, கதவு திறந்தது. இதற்காகத்தான் இந்த ஊரிலிருந்து டிக்கெட் எடுத்தேன். இதில் ஏறினால் சிறிது நேரத்தில் மேலே போய்விடுவேன், பிறகு கீழே. அப்பா எனக்காக நிறுத்தி வைத்திருந்தது அத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் இடையில் போக வேண்டிய இடம் என்று ஒன்றும் மிச்சமிருக்காது.

"அடுத்த வருஷம் வர்றேன் அத்தை," என்றேன். "தலை திவசத்துக்கு வருவேன்ல. அது முடிஞ்சதும் எல்லாரும் ஏறலாம்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"அப்பா நிறுத்தி வெச்சாருல்ல. நானும் வெக்கறேன்."

"அப்ப டிக்கெட்டு?" என்றார் மாடசாமி மாமா.

இராசம்மா அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிக்கெட் வாங்க நின்றிருந்த நாலு பேரிடம் நீட்டினார். முதுகுப்பை மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். நம்பாமல் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பெட்டி கிளம்பியபோது எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நாங்களும் ஆட்டினோம்.

வேன் நிறுத்திய இடத்தில் கனி மாமா அடுப்பைப் பற்றவைத்தார். பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி வந்தார். நான் பெட்டியைத் திறந்து, ஜெர்மனி வரை போய் வந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பிரித்தார். கேத்தலில் கொதி வந்தது. நாலு கிளாஸ் ஊற்றியவர், பழக்கத்தில் ஐந்தாவதையும் எடுத்துவிட்டு, அதைத் துடைத்துப் பையில் வைத்தார்.

மேலே போன பெட்டி மரங்களுக்குள் மறைந்துவிட்டது. இறங்குகிற பெட்டி இன்னும் தெரியவில்லை. நடுவில் அவை சந்திக்கிற இடம் இங்கிருந்து தெரியாது.

"தண்ணி எப்படி?" என்றார் மாடசாமி மாமா.

ஒரு வாய் குடித்தேன். மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். இன்னொரு வாய் குடித்தேன்.

"கொஞ்சம் சப்பு," என்றேன். "மலை மேல இருக்கற தண்ணியில போட்டுப் பாக்கணும்."